பரிந்துரைக் கடிதமும் அதனைக் கேட்கும் முறையும்

கார்த்திகை விளக்கீடு முடிந்து மார்கழி பிறக்குமுன்னரே எம்மூரில் ஒருவகை யாத்திரை தொடங்கிவிடுகின்றது. பட்டப்படிப்பை முடித்த இளைஞர் கையிலே கோவையொன்றைத் தாங்கிக்கொண்டு பெரியவர்களின் படலைதோறும் சென்று திரும்புகின்றனர். ஒரு படலைக்குள்ளே இருப்பவர் ஓய்வுபெற்ற அதிபர். மற்றொன்றிலே சமாதான நீதவான். மூன்றாவதிலே தந்தையாருடன் ஒரே வாங்கிலிருந்து படித்த வைத்தியர். மூவரும் அன்பாக வரவேற்கின்றனர், தேநீர் கிடைக்கின்றது, கடிதமும் கிடைக்கின்றது. அக்கடிதம் கடல் கடந்து சென்று ஒரு பல்கலைக்கழகத்தின் தெரிவுக்குழு முன்னிலையில் விரிக்கப்படும்போது அதனால் விளையும் பயன் யாதெனின், பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிலவேளைகளில் தீங்குமுண்டு.

இதனை இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணமுண்டு. இதனைப் படிப்போருள் மாணவர் கடிதம் கேட்குமிடத்தில் நிற்பவர்; ஆசிரியர் அதனை எழுதுமிடத்தில் இருப்பவர்; பழைய மாணவருட் சிலரோ பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே அதனைப் படித்து முடிவுசெய்யும் குழுக்களில் அமர்பவர். மூவரும் ஒரே கல்லூரியின் பிள்ளைகளாயிருந்தும் இக்கடிதத்தைப் பற்றி ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசுவது அரிதாகவே இருக்கின்றது.

குழப்பத்தின் வேர் எங்கேயிருக்கிறதென்றால், நாம் வழிவழியாக அறிந்த நற்சாட்சிப் பத்திரத்தையும் இப்போது கேட்கப்படும் பரிந்துரைக் கடிதத்தையும் ஒன்றென்றே எண்ணிவிடுவதிலேதான். எங்கள் பாட்டனார் காலத்து றங்குப்பெட்டிகளைத் திறந்தால் அடியிலே மடித்து வைக்கப்பட்ட நற்சாட்சிப் பத்திரங்கள் இரண்டு மூன்று இருக்கும். மலாயா றெயில்வேயிலும் கொழும்புக் கந்தோர்களிலும் உத்தியோகந் தேடிப் போன தலைமுறை அவற்றைப் பொன்போற் காத்தது. இன்னார் நற்குடும்பத்திற் பிறந்தவர், நன்னடத்தையுள்ளவர், விளையாட்டிலும் ஈடுபட்டவர், மாணவர் தலைவராயிருந்தவர் என்று அவை கூறும். எவருக்கென்று குறிப்பிடாது யாவருக்கும் பொதுவாக எழுதப்பட்டு, உரியவரின் கையிலேயே கொடுக்கப்படும். ஒரு பத்திரத்துக்குப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்துக்கு அனுப்பலாம். பத்து வருடஞ் சென்றபின்னும் பயன்படுத்தலாம். இவர் திருடரல்லர், குடிகாரரல்லர் என்பதை ஊரறிந்த ஒருவர் கையொப்பமிட்டு உறுதிசெய்தலே அதன் நோக்கம். அந்நோக்கத்துக்கு அதிபரும் நீதவானும் குருக்களும் மிகப் பொருத்தமானவர்களே.

மேற்படிப்புக்குக் கேட்கப்படும் கடிதமோ வேறு சாதி. அது குறித்த ஒரு குழுவுக்குக் குறித்த ஒரு வினாவுக்கு விடையாக எழுதப்படுவது. அவ்வினா, ‘இவர் நல்லவரா?’ என்பதன்று. ‘புத்தகத்தில் இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இவர் செய்வாரா? செய்வாரென்பதற்கு நீர் கண்ணாற் கண்டது யாது?’ என்பதே. விண்ணப்பதாரியின் கைக்கு அது வருவதில்லை. எழுதுபவருக்கு மின்னஞ்சல்மூலம் ஓர் இணைப்பு அனுப்பப்படும். அவர் நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். ஐக்கிய அமெரிக்காவிலே பெரும்பாலும் மூன்று கடிதங்களும் இங்கிலாந்திலே பெரும்பாலும் இரண்டும் கேட்கப்படுகின்றன.

எமக்கு இது புதிதாயிருப்பதற்கும் ஒரு காரணமுண்டு. பொன்னம்பலம் அருணாசலம் 1870 இல் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரிக்குச் சென்றது அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று. 1921 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். ஆக, கடல் கடக்கும் பாதை நெடுங்காலம் பரீட்சைப் பாதையாகவேயிருந்தது. பெறுபேறு பேசியது, மனிதர் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் ஊறிய நாம் இன்றும் பெறுபேற்றுத் தாளைத் தலையிற் சுமந்துகொண்டு, கடிதத்தை வாலிலே கட்டிவிடுகின்றோம்.

கடிதம் ஒரு மனிதரின் வாழ்வை எவ்வளவுக்குத் திருப்ப வல்லது என்பதற்குத் தமிழர் நன்கறிந்த வரலாறொன்று உண்டு. ஸ்ரீநிவாச இராமானுஜனின் சரித்திரத்தை நாம் மேதையின் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனைக் கடிதங்களின் கதையாகவும் படிக்கலாம். அவ்வாறு படிப்பதாற் பெறும் பாடம் விண்ணப்பம் எழுதுவோருக்குப் பெரிதும் உதவுவதாகும்.

1887 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதந் தவிர்ந்த பாடங்களிற் கவனஞ் செலுத்தாமையாற் கல்லூரிப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தவறியவர். பட்டமில்லை, கையிலிருந்தவை குறிப்பேடுகள் மாத்திரமே. 1910 அளவில் அவற்றைத் தூக்கிக்கொண்டு, திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராயிருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவருமான இராமசாமி ஐயரிடம் ஒரு சிறு உத்தியோகங் கேட்டுச் சென்றார். ஐயர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். இத்தகைய ஒருவரை வருவாய்ப் பகுதியின் கடைசிப் படியிலே இருத்துவது அவரது ஆற்றலை அவித்துவிடுவதாகும் என்று கருதி, கேட்ட வேலையைக் கொடாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதங் கொடுத்து அனுப்பினார். கேட்டதைக் கொடாமையே அங்கே பேருதவியாயிற்று.

1912 இல் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் என்பவரின் பரிந்துரையை இணைத்திருந்தார். எண்களைப் பற்றிய கணிதத்தில் இவ்விளைஞர் வழக்கத்துக்கு மிஞ்சிய திறமையுடையவர் என்று சொன்ன பேராசிரியர், கணக்கிடுதலில் இயல்பான கைவாகும் வேகமும் உள்ளவர் என்பதையும் சேர்த்து எழுதினார். இதனை இன்று வாசிக்கும்போது நகைப்பு வரலாம். உலக மேதையொருவரைக் கூட்டல் கழித்தலில் விரைவானவர் என்று புகழ்வதா என்று தோன்றலாம். ஆனாற் கேட்ட இடம் கணக்குக் கந்தோர். அவ்விடத்துக்கு வேண்டிய விடையைப் பேராசிரியர் கொடுத்தார். மாதம் 30 ரூபா வேலை கிடைத்தது.

அவ்வருடத்திலேயே சென்னை எஞ்சினியரிங் கல்லூரிப் பேராசிரியர் கிறிபித் என்பவர், இலண்டனிலே தமக்கு ஆசிரியராயிருந்த ஹில் என்ற கணிதருக்கு இராமானுஜனின் தாள்களை அனுப்பி அபிப்பிராயங் கேட்டார். இளைஞருக்கு விருப்பும் ஆற்றலும் உண்டு, எனினும் முடிவிலித் தொடர்களைக் கையாளும்போது குழியில் விழுந்திருக்கிறார் என்று கூறி, படிக்க வேண்டிய நூலொன்றையும் ஹில் குறிப்பிட்டெழுதினார். கிறிபித் நல்லெண்ணத்தோடு செய்தார். ஆயினும் அவர் குடிசார் எஞ்சினியர். அக்கணிதத்தை எடைபோட்டுச் சொல்ல அவரால் இயலவில்லை. தாள்கள் தாமே பேச வேண்டியிருந்தது. இராமானுஜனின் தாள்களோ நிறுவலின்றி முடிவுகளை மாத்திரம் அடுக்கியவை. தாமே பேசும் தாள்கள் அல்ல அவை.

1913 ஜனவரியில் இராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாரும் அறிந்ததே. அதனை விடுத்து, அவ்வளவு பேசப்படாத மற்றொரு கடிதத்துக்கு வருவோம். அந்தப் பெப்ரவரியில் இந்திய வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பேர்ட் உவாக்கர் சென்னைக்கு வந்தார். கேம்பிறிட்ஜிலே கணிதத்தில் முதலிடம் பெற்றவர் அவர். துறைமுகத் தலைவர் அவருக்கு இராமானுஜனின் குறிப்பேடுகளைக் காட்டினார். பெப்ரவரி 26 இல் உவாக்கர் சென்னைச் சர்வகலாசாலைப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தைப் பரிந்துரை எழுதுவோர் எல்லாரும் ஒருமுறை படித்தல் வேண்டும். தாம் கண்டது எது என்று முதலிற் சொல்கிறார். அதன் புதுமை கேம்பிறிட்ஜ்க் கல்லூரியொன்றின் கணித ஆய்வாளருடைய வேலையோடு ஒப்பிடத்தக்கது என்கிறார். துல்லியமும் நிறைவும் குறைந்திருப்பதையும் மறைக்கவில்லை. அடுத்து, இந்தக் கணிதப் பகுதியிலே தமக்குத் தனித்தேர்ச்சி இல்லையாதலின் இவரது திறமையின் முழு அளவைத் தம்மால் உறுதியாக மதிப்பிட இயலாது, அது ஐரோப்பியப் புகழைத் தரும் தரத்ததாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். அதன்பின்னரே தமது வேண்டுகோளை வைக்கிறார்: சிலவாண்டுகளேனும் பிழைப்பைப் பற்றிய கவலையின்றி முழுநேரமும் கணிதத்திற் செலவிட இவருக்குச் சர்வகலாசாலை வழிசெய்தல் தகும்.

அறிந்ததை அறிந்தேன் என்றும், அறியாததை அறியேன் என்றும், வேண்டுவது இதுவென்றும் மூன்றையும் ஒரு சிறு கடிதத்தில் அடக்கிவிட்டார். அறியேன் என்று சொன்னமையாற் கடிதம் வலுக்குன்றிற்றா? இல்லை, அறிந்தேன் என்று சொன்ன பகுதியை நம்பலாம் என்ற உறுதியை அதுவே தந்தது. ஆராய்ச்சிப் புலமைப்பரிசிலுக்கு முதுமாணிப் பட்டம் வேண்டுமென்று விதியிருந்தது. பட்டமேயில்லாத ஒருவருக்காக அவ்விதி விலக்கப்பட்டு, மாதம் 75 ரூபா இரண்டு வருடங்களுக்கு வழங்கப்பட்டது.

அடுத்த வருடம் கேம்பிறிட்ஜிலிருந்து விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த நெவில், இராமானுஜனைப் பலமுறை சந்தித்தார். தமது குறிப்பேட்டை எடுத்துச்சென்று ஆறுதலாகப் பார்க்குமாறு இராமானுஜன் அவரிடம் கொடுத்துவிட்டார். அது தமக்குக் கிடைத்த பெரும் பேறென்று நெவில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1914 ஜனவரி 28 இல் அவர் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில் உவாக்கரின் தயக்கம் இல்லை. அத்துறையை அறிந்தவரின் நிமிர்வு உண்டு. இக்கண்டுபிடிப்பு அக்காலக் கணித உலகின் மிகச் சுவையான நிகழ்ச்சியாகுமென்றும், இருளிலிருந்து புகழுக்கு இவர் செல்லும் பயணத்துக்கு உதவியதையிட்டுச் சென்னை நகரமும் அதன் சர்வகலாசாலையும் பெருமைப்படுமென்றும் எழுதினார். பணங் கொடுப்பவர் தமக்கு இதனால் என்ன என்று கேளாமற் கேட்கும் வினாவுக்கும் அதிலே விடையிருந்தது. வருடத்துக்கு 250 பவுணும் பயணச் செலவுக்கு 100 பவுணும் கிடைத்தன. மார்ச் 17 இல் இராமானுஜன் கப்பலேறினார்.

ஒரே மனிதர், ஒரே குறிப்பேடுகள். துறைமுகக் கந்தோருக்கும் புலமைப்பரிசில் வழங்கும் சபைக்கும் கடல் கடக்கும் பயணத்துக்கும் மூன்று வெவ்வேறு கடிதங்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் எழுதியவர் அவ்விடத்து வினாவுக்கு விடை சொல்லத்தக்க அளவுக்குக் குறிப்பேட்டைப் பார்த்தவராயிருந்தார்.

நிற்க. கடிதம் நீண்டிருந்தாற்றான் வலுவுடையது என்று எண்ணுதலும் பிழை. 1948 பெப்ரவரியில் அமெரிக்காவின் கார்னெகித் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் டஃபின், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் தமது மாணவர் ஒருவரைப் பற்றி ஒருசில வரிகளே எழுதினார். மாணவருக்கு 19 வயது, ஜூன் மாதம் பட்டம் பெறுகிறார், அவர் ஒரு கணித மேதை. அவ்வளவுதான். அம்மாணவர் ஜோன் நாஷ். 1994 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இச்செய்தியைக் கேட்டு நம்மவர் எவரேனும் நான்கு வரிக் கடிதத்தோடு திருப்தியடைவாராயின் பெரிய மோசம் போவார். பிரின்ஸ்டனுக்கு டஃபின் எத்தகைய கணிதர் என்பது தெரியும். அவரது சொல்லே பிணையாக நின்றது. யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவரின் பெயர் அமெரிக்கத் தெரிவுக்குழுவுக்குத் தெரியாதிருக்கலாம். அது அவரது புலமைக்குக் குறைவன்று, தூரத்தின் விளைவு. பெயர் பிணை நிற்க முடியாத இடத்தில் விவரம் பிணை நிற்க வேண்டும்.

விவரம் என்பது யாது என்பதற்கு ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். இரசாயன மாணவர் ஒருவர் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை ஆராய்ந்து ஆய்வேடு சமர்ப்பித்திருக்கிறார் என்க. ‘இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், ஆராய்ச்சியில் தணியாத ஆர்வமுடையவர்’ என்று ஒரு கடிதம். மற்றொன்று: ‘40 கிணறுகளிலிருந்து இருமாதம் நீர் எடுத்தார். இரண்டாம் மாதத்து அளவீடுகள் முதலாம் மாதத்தோடு ஒவ்வாமை கண்டு, நான் சொல்லாமலே கருவியைச் சோதித்துப் பிழை அங்கேயிருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு மாதத்து வேலையைக் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். மழைக்கு முன்னும் பின்னும் ஏற்படும் வேறுபாட்டை ஆராய வேண்டுமென்ற எண்ணமும் அவருடையதே.’ முதலாவது கடிதத்தை உலகத்து எந்த மாணவருக்கும் கொடுக்கலாம். இரண்டாவது அம்மாணவர் ஒருவருக்கே உரியது. குழுவிலே இருப்போர் ஒரு பிற்பகலிலே பல கடிதங்களைப் படிப்பவர். இவ்வேறுபாட்டைக் காண அவர்களுக்கு நெடுநேரம் வேண்டியதில்லை.

கலைப்பீட மாணவருக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்மொழிமூலம் படித்துத் தமிழிலேயே ஆய்வேடு எழுதியவர். பிறநாட்டுக் குழு அவ்வாய்வேட்டைப் படிக்க மாட்டாது. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியதோ, தீவகத்து ஊர்களிலே முதியோரிடம் வாய்மொழிச் செய்தி திரட்டியதோ, கல்வெட்டின் வாசகத்தைத் திருத்தியதோ எதுவாயினும், அதனை அவர்களுக்குக் கண்ணாடி போலக் காட்டக்கூடியது ஆசிரியரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றே. ஆகவே ஆய்வேட்டின் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தல் மாணவரின் கடன்.

யாரிடங் கேட்பது என்ற வினாவுக்கு இதுவரை கூறியவற்றிலேயே விடை அடங்கியுள்ளது. ஆய்வேட்டை மேற்பார்த்த இளம் விரிவுரையாளரின் இரண்டு பக்கம், முகமே அறியாத பீடாதிபதியின் அரைப்பக்கத்திலும் மேலானது. துறைத்தலைவர் என்ற பதவிக்காக அவரிடம் போதல் வேண்டா. அவர் உம்மைக் கற்பித்திருந்தாற் போகலாம். உறவினராகிய பேராசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும் ஆகாது. வேலை செய்து சில வருடங் கழிந்தவர், தமது வேலையை நேரிற் பார்த்த மேலதிகாரி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்; மூன்றும் அவ்வகைக் கடிதமாயிருத்தல் நன்றன்று.

எப்படிக் கேட்பது என்பதிலேதான் எமது மண்ணுக்குரிய சங்கடம் இருக்கிறது. எம்மவரிடத்தில் முகத்தை முறித்து இல்லையென்று சொல்லும் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து நிற்கும் பிள்ளையிடம், ‘தம்பி, உம்மைப்பற்றி நான் சிறப்பாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை’ என்று எந்த ஆசிரியர் சொல்வார்? ‘பார்ப்போம்’ என்பார். அச்சொல்லின் பொருள் யாழ்ப்பாணத்தவர் எல்லாருக்கும் தெரியும். கடிதம் வேண்டிநிற்கும் மாணவருக்கு மாத்திரம் அவ்வேளையில் மறந்துவிடும். முடிவில் மனமின்றி எழுதப்பட்ட ஒரு வெறுங்கடிதம் போய்ச்சேரும். மனமில்லாத கடிதம், கடிதமின்மையிலும் கேடானது. ஏனெனில் மறுத்திருந்தாலாவது வேறொருவரை நாடியிருக்கலாம்.

ஆதலால், முதன்முறை நேரே சென்று கேளாமல் எழுத்தில் கேட்பதே நன்று. கேட்கும்போது மறுப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். ‘சேர், தாங்கள் என் ஆய்வேட்டை மேற்பார்த்தவராதலால் உறுதியான கடிதமொன்றை எழுதக்கூடிய நிலையில் இருப்பீர்களென நம்புகிறேன். வேறொருவரிடங் கேட்பதே பொருத்தமென்று தோன்றினால் அதனையும் தயங்காது அறியத்தாருங்கள்’ என்று எழுதலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. தந்தையாரை அனுப்பிக் கேட்பிப்பதும், ஆசிரியரின் மைத்துனரைப் பிடித்துச் சொல்விப்பதும் கதவை வெளியே பூட்டிவிடுவதற்கொப்பாகும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐக்கிய அமெரிக்காவில் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரிலே தொடங்கும் ஆண்டுக்கு விண்ணப்ப முடிவு பெரும்பாலும் முந்திய மார்கழியிலும் அதனையடுத்த தையிலும் வரும். புரட்டாதியிலேயே ஆசிரியரிடம் பேசிவிட வேண்டும். பேசியபின் வெறுங்கையோடு விட்டுவிடக்கூடாது. பெறுபேற்றுத் தாள், ஆய்வேடு, தாம் எழுதிய நோக்க அறிக்கை, பல்கலைக்கழகங்களின் பெயரும் முடிவுநாளும் அடங்கிய அட்டவணை, தாம் செய்தவற்றுள் ஆசிரியர் மறந்திருக்கக்கூடிய இரண்டு மூன்று செய்திகள் ஆகியவற்றை ஒன்றாகக் கொடுக்க வேண்டும். முடிவுநாளுக்கு ஒரு வாரம் முன்னர் ஒருமுறை நினைவூட்டுதல் தவறன்று. நினைவூட்ட வெட்கப்பட்டு நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் பலர்.

படிவத்திலே இரண்டு செய்திகள் மாணவரைத் திகைக்க வைப்பதுண்டு. கடிதத்தைப் பார்க்கும் உரிமையைக் கைவிடுகின்றீரா என்பது ஒன்று. 1974 இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமொன்று தம்மைப் பற்றிய பதிவுகளைப் பார்க்கும் உரிமையை மாணவருக்கு அளித்ததனால் எழுந்த வினா அது. கைவிடுவதே நன்று, மாணவர் பார்க்க மாட்டார் என்ற நிலையில் எழுதப்பட்ட கடிதத்துக்கே வாசிப்போர் கூடிய மதிப்பளிக்கின்றனர். மற்றொன்று ஆசிரியர் நிரப்ப வேண்டிய கட்டம்: தாம் கற்பித்தவருள் இவர் முதல் 5 வீதத்தினருள் அடங்குவாரா, 10 வீதத்தினருள் அடங்குவாரா என்பது. சிறப்புப் பட்ட வகுப்பில் 8 பேர் மாத்திரம் இருந்தால் 5 வீதம் என்பது பாதி மனிதர். அத்தகைய இடத்தில், கடந்த பத்து வருடங்களில் கற்பித்தவர் இத்தனை பேர், அவருள் இவர் இத்தனையாமவர் என்று கடிதத்திலே எழுதிவிடுதல் ஆசிரியருக்கு அழகு.

இனிச் சொல்ல விரும்பாததும் சொல்லாமல் விட முடியாததுமான ஒன்றுக்கு வருகிறேன். ‘நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையொப்பமிடுகிறேன்’ என்னும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. வேலைப்பளு உண்மைதான், ஆங்கிலத்தில் எழுதுவதிலுள்ள தயக்கமும் உண்மைதான். இக்கட்டுரையாளனும் அக்குற்றத்துக்கு ஒருமுறை உடந்தையாயிருந்தவன். திறமைமிக்க ஒரு மாணவர் தாமே எழுதிவந்த கடிதத்தில், பரீட்சைத் தாள்கள் குவிந்திருந்த ஒரு மாலையில், வாசித்தும் வாசியாமலும் கையொப்பமிட்டேன். எங்கும் இடங் கிடைக்காதபின் அவர் மூன்று கடிதங்களின் பிரதிகளையும் கொண்டுவந்து என்ன குறை என்று கேட்டார். மூன்றும் ஒரே வாக்கியத்தோடு தொடங்கின. ஒரே சொல் மூன்றிலும் ஒரேவிதமாகப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அதனாலேயே இடம் மறுக்கப்பட்டது என்று நான் சத்தியஞ் செய்ய மாட்டேன். ஆனால் அம்மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, மூவரும் கண்டு சொல்லியிருக்க வேண்டிய அந்தப் பிள்ளையை நாங்கள் மூவரும் காணவேயில்லை என்பது தெரிந்தது. அவர் தம்மைப் பற்றி எழுதத் துணியாத நல்ல செய்திகள் எனக்கு நான்கு தெரியும். அவற்றில் ஒன்றேனும் கடிதத்தில் இல்லை. தம்மைத் தாமே புகழ்வதற்குக் கூசும் பிள்ளைகளாகவே அவர்களை வளர்த்துவிட்டு, புகழுரையையும் நீரே எழுதும் என்றால் எப்படி?

அவ்வாறு கேட்கும் ஆசிரியரை மாணவர் எதிர்த்துப் பேச முடியாது. ஆனாற் கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்புகளைக் கொடுக்கலாம்: எந்த மாதத்தில் எந்தப் பரிசோதனை, எதிற் பிழைத்தது, எவ்வாறு திருத்தப்பட்டது என்றவாறு தேதியோடு ஒரு பக்கம். குறிப்பைக் கையில் வைத்திருப்பவருக்குக் கடிதம் எழுதுவது அரைமணி வேலை.

பெண் மாணவர்களைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. அமெரிக்க மருத்துவக் கல்லூரியொன்றுக்கு எழுதப்பட்ட முந்நூறுக்கு மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து திறிக்ஸ், செங்கா என்னும் இருவர் 2003 இல் வெளியிட்ட கட்டுரை, பெண்களுக்கான கடிதங்கள் சராசரியிற் குறுகியனவாகவும், ஆராய்ச்சித் திறனிலும் பார்க்க உழைப்பையும் பண்பையும் பேசுவனவாகவும், ஐயத்தை எழுப்பும் சொற்கள் மிகுந்தனவாகவும் இருந்ததைக் காட்டியது. அமெரிக்காவிலே அவ்வாறெனில் இங்கே சொல்ல வேண்டியதில்லை. ‘அடக்கமானவர், அமைதியானவர், சொன்னதைச் செய்பவர்’ என்று நாம் வாயாரப் புகழும்போது, ஆராய்ச்சிக்கு ஆள் தேடுபவர் அங்கே காண்பது சொல்லாததைச் செய்யமாட்டாத ஒருவரை.

ஆசிரியரே இல்லாதவர் என் செய்வது? 1995 இன் இடப்பெயர்வும் அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த அழிவுகளும் ஒரு தலைமுறையின் பதிவேடுகளையும் ஆசிரியரையும் சிதறடித்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். ஆயினும் சென்றவர் எழுதலாகாது என்றில்லை. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்து முகவரியிலிருந்து எழுதும் பழைய ஆசிரியர் இன்னும் நன்று. அவர் புறப்படுமுன்னரே முகவரியைப் பெற்றுக்கொள்க. வெளிவாரிப் பட்டதாரிகள் போன்று எவரோடும் நெருங்கிப் பழக வாய்ப்பற்றவர், விண்ணப்பத்தை ஒரு வருடம் பிற்போட்டு, அவ்வருடத்தில் ஒரு விரிவுரையாளரின் கீழே சிறிய ஆய்வொன்றிலேனும் ஊதியமின்றியும் சேர்ந்து வேலை செய்தல் உத்தமம். ஒரு வருடம் வீணென்று பெற்றோர் கவலைப்படுவர். முகமறியாதவரிடம் வாங்கிய கடிதங்களோடு வருடந்தோறும் விண்ணப்பக் கட்டணங் கட்டுதல் அதனிலும் வீண்.

பிறநாடுகளில் வாழும் எமது பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம். ஊரிலிருந்து சிற்றப்பா தொலைபேசியில் அழைத்து, ‘உன்ரை பேரிலை ஒரு கடிதம் குடு’ என்று பிள்ளைக்காகக் கேட்கும்போது, நீங்கள் கற்பிக்காத பிள்ளைக்குக் கடிதங் கொடாதீர்கள். அதற்குப் பதிலாக அப்பிள்ளையின் நோக்க அறிக்கையை வாசித்துத் திருத்துங்கள். எந்தப் பேராசிரியர் எந்தத் துறையில் வேலை செய்கிறார் என்று சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு உதவுங்கள். அவ்வுதவிகளுக்கு உங்கள் கையொப்பம் வேண்டியதில்லை.

முடிவுகள் மாசிக்கும் சித்திரைக்கும் இடையே வந்துசேரும். பண உதவியோடு இடந்தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுட் பல ஏப்ரில் 15 வரை விடைக்குக் காத்திருக்கின்றன. இடம் கிடைத்தாலும் கிடையாவிட்டாலும் கடிதம் எழுதியவருக்கு அன்றைக்கே ஒரு வரி எழுதி அறிவித்துவிடுக. மாணவர் மெல்பேண் போய் ஒரு வருடமான செய்தியை நல்லூர்த் திருவிழாவிலே கச்சான் கடையடியில் யாரோ சொல்லக் கேட்டறிந்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் குறைப்படவில்லை, அந்தப் பிள்ளைக்கு எழுதிய மூன்று பக்கத்தின் பிரதியை மேசை இலாச்சியிலிருந்து எடுத்துக் காட்டினார்.